இரண்டு இடது இடுப்புகள்

என் மகள் பிறந்த மறுநாள் காலை, சித்தூரில் நான் படுத்திருந்த மருத்துவமனை அறைக்குக் குழந்தைகள் டாக்டர் வந்தார். இளவயதுக்காரர். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, குழந்தையின் துணியை முழுக்க விலக்கச் சொன்னார். கண், வாய், மார்பு, தொப்புள் எல்லாம் பார்த்தபின் இரண்டு முழங்கால்களையும் மடக்கித் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு, தொடைகளை மெதுவாக வெளிப்பக்கம் விரித்தார். வலது பக்கம் உடனே முடிந்தது. இடது பக்கத்தில் அவர் கை நின்றது. மறுபடி செய்தார். மூன்றாவது முறை செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"குழந்தை வயித்துல தலை மேல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா சார். திரும்பவே இல்ல. அதனாலதான் ஆபரேஷன் பண்ணாங்க."

"உங்க வீட்டுலயோ அவங்க வீட்டுலயோ யாருக்காவது பிறவியிலேயே இடுப்புல பிரச்சினை இருக்கா? சாய்ஞ்சு நடக்கிற மாதிரி?"

"யாருக்கும் இல்ல சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் கால் எனக்கு நினைவுக்கே வரவில்லை. என்னுடையது போலியோ. அது வேறு விஷயம் என்றுதான் முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தபோது, நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிக் குளியலறைப் பக்கம் நடந்தேன். பேனா நின்றது. "அம்மா, ஒரு நிமிஷம். உங்க காலுக்கு என்ன?"

எனக்கு முன்னால் அம்மா பதில் சொன்னாள். "போலியோ சார். சின்ன வயசுல."

என்னை உட்காரச் சொன்னார். இரண்டு கெண்டைக்கால்களையும் அமுக்கிப் பார்த்தார். சிறிய சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். இடது கால் துள்ளி எழும்பியது. "நான் குழந்தைங்க டாக்டர்தான், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா போலியோ வந்த கால் இப்படி உதைக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். திருப்பதியில் குழந்தைகளின் எலும்புகளைப் பார்க்கும் ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைக்கு நாலு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு மேல் தள்ளக் கூடாது, அதே நாளில் எனக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றார். போகிறபோது, குழந்தையின் கால்களைச் சேர்த்து வைத்துத் துணியில் இறுக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தச் சமயம் அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். தையல் வலியில் இருந்த நான் அதை அவளிடம் சொல்ல மறந்தேன். இந்த மறதியை நான் யார் மேலும் போட முடியாது.

எனக்குப் போலியோ என்பது எங்கள் வீட்டில் முடிவான விஷயம். நகரியில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடும். நைனாவும் அம்மாவும் ஒருவர் மாற்றி ஒருவர் தறியில் நிற்பார்கள். நான் பதினைந்து மாதத்தில்தான் நடக்க ஆரம்பித்தேன். நடந்த முதல் நாளிலிருந்தே இடது பக்கம் சாய்ந்தேன். ஒரு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் என்னை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "சொட்டு மருந்து போட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லையாம். தெருவில் முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, தன் தங்கையின் கல்யாணத்துக்காக என்னைத் தூக்கிக்கொண்டு புத்தூர் போயிருந்தாள். அம்மாவின் அந்த மௌனத்தையே வைத்தியர் பதிலாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே என் கோளாறுக்குப் பெயரும் கிடைத்தது.

அதன்பிறகு அம்மா அந்தத் தங்கையோடு பேசவில்லை. சித்தி என்ன தப்பு செய்தாள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு முகாம் நாளில் எங்கள் பள்ளி வாசலில் மேசை போட்டிருந்தார்கள். உதவிக்கு வந்திருந்த ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். குழந்தையைக் காட்டத் தயங்கிய பெண்களிடம், "பாருங்க, போடலைன்னா இப்படித்தான் ஆவும்" என்று சொல்லி என்னை நாலு அடி நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். திரும்பி நடந்தேன். முக்கியமான வேலை செய்வதாகத்தான் அன்று நினைத்தேன். மத்தியானச் சோறு கொண்டுவந்த அம்மா தெரு முனையிலேயே நின்று அதைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. சோற்றை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

படித்து முடித்ததும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில், ஊர் அரசு அலுவலகமான கிராம சச்சிவாலயத்தில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் கழித்துக் குடிபாலாவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, பலமனேர் பக்கத்துக் கிராமங்களில் பால் சேகரிக்கும் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "காலு போலியோதானே? பொறக்கிற புள்ளைங்களுக்கு வராதே?"

"அது கிருமியால வர்றதும்மா. பரம்பரையா வர்றதில்ல" என்றார் நைனா.

"அப்ப சரி" என்று அவர் காபியைக் குடித்தார்.

கல்யாணமான மறு வருடம் நைனா இறந்துபோனார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கள் கல்யாணத்துக்கு அடியில் கல் மாதிரி கிடந்தது. அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு நான் குடிபாலாவிலேயே இருந்தேன். வேலை பக்கம், மருத்துவமனை பக்கம் என்று அம்மாவே நகரியிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். குழந்தையின் கால்கள் மேல் அம்மாவுக்கு ஒரு தனிக் கவனம் இருந்தது. தினமும் எண்ணெய் தேய்த்து, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து விடுவாள். குளிப்பாட்டி முடித்ததும் இடுப்பிலிருந்து பாதம்வரை மெல்லிய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவாள். "காலு நேரா வரணும். உனக்குத்தான் அப்படி ஆச்சு. இதுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது" என்பாள். துணிச் சுருளுக்குள் குழந்தை அமைதியாகத் தூங்கும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாவது வாரம் ஸ்கேனுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் எழுந்து பார்த்தால் மழை. ஐந்தாவது வாரம், பச்சைக் குழந்தையை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவானேன் என்றார் மாமியார். "கொழந்த காலை நல்லாத்தான் ஒதைக்குது. இன்னாத்துக்கு ஸ்கேனு?" ஆறாவது வாரம் நான் அடம்பிடித்தேன். பயத்தால் அல்ல. அந்தச் சுத்தியல் என் முழங்காலில் பட்டதும் கால் துள்ளியதே, அது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. கணவர் பால் வண்டிக்குப் போக வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் குழந்தையோடு திருப்பதி பஸ் ஏறினோம்.

அங்கே இருந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பில் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். சாம்பல் நிறத் திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். பார்த்து முடித்துக் காகிதத்தில் ஒரு படம் வரைந்து காட்டினார்.

"இது தொடை எலும்போட தலை. பந்து மாதிரி. இது இடுப்புல இருக்கிற குழி, கிண்ணம்னு வெச்சுக்குங்க. இந்த வயசுல பந்து எலும்பே கிடையாது, குருத்தெலும்பு. எக்ஸ்ரேல தெரியாது. அதான் ஸ்கேன். பந்து கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்து அழுத்திட்டே இருந்தாத்தான் கிண்ணம் ஆழமா வளரும். வலது பக்கம் அப்படித்தான் இருக்கு. இடது பக்கம் பந்து விளிம்புல நிக்குது. கிண்ணம் தட்டு மாதிரி இருக்கு."

பிறகு அம்மாவைப் பார்த்து, "கால் ரெண்டையும் சேர்த்துத் துணி சுத்துறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. காலு நேரா வர்றதுக்கு. தெனம் எண்ணெ போட்டு இழுத்து வுடுவேன்" என்றாள் அம்மா. நல்ல மதிப்பெண் வாங்கப்போகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

டாக்டர் கோபப்படவில்லை. "இனிமே வேண்டாம்மா. வயித்துக்குள்ள கால் மடங்கி விரிஞ்சுதானே இருந்துச்சு. நேரா இழுத்தா பந்து வெளியத்தான் போகும்" என்றார்.

அம்மாவின் கை குழந்தையின் மேலிருந்து விலகியது. அதன்பிறகு அந்த அறையில் அவள் குழந்தையைத் தொடவே இல்லை.

என்னுடைய எக்ஸ்ரே வந்தது. டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டினார். எனக்கே தெரிந்தது. வலது பக்கத் தொடையெலும்பின் தலை குழிக்குள் இருந்தது. இடது பக்கத்தில் அது குழியை விட்டு வெளியேறி, மேலே ஏறி, இடுப்பெலும்பின் பக்கவாட்டில் தனக்கென்று ஒரு பள்ளம் தேய்த்துக்கொண்டு நின்றது. உண்மையான குழி சரியாக வளராமல் ஒரு கீறல்போலக் கிடந்தது.

"போலியோ காதம்மா" என்றார் டாக்டர். போலியோ இல்லை என்று தெலுங்கில் சொன்னார். அம்மாவுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"சொட்டு மருந்து போடாததாலே இல்லியா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது பிறக்கும்போதே இருந்திருக்கும். இவங்களும் தலை மேல இருந்த குழந்தையா?"

"காலு முன்னாடி வந்தா. வீட்டுலதான் பொறந்தா."

டாக்டர் தலையாட்டினார். அம்மா கேட்டாள்: "அப்ப யாராவது பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம்."

"எப்படிம்மா பார்ப்பாங்க?"

டாக்டர் என் மகளின் முழங்கால்களை மடக்கி, தொடைகளை மெதுவாக விரித்துக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா?" என்றாள் அம்மா.

பிறகு அம்மாவே, "இவளையும் நான் அப்படித்தான் சுத்தினேன்" என்றாள். சுற்றியதால் மட்டும் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பெண் குழந்தை, கால் முன்னால் வந்த பிரசவம், எல்லாம் சேர்ந்ததுதான் என்று டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். "உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலை. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றார். அம்மா கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே குழந்தைக்கு வார்ப்பட்டை மாட்டினார்கள். மார்பைச் சுற்றி ஒரு அகலப் பட்டை, தோள்களுக்கு மேல் இரண்டு வார்கள், பாதங்களுக்குத் துணிக் காலணி. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டும் பட்டிகளால் இணைந்திருக்கும். மாட்டியதும் குழந்தை தவளை மாதிரி கால்களை மடக்கி விரித்துக்கொண்டு கிடந்தாள். அவ்வப்போது திருப்பதிக்கு வந்து பட்டையைச் சரிபார்க்க வேண்டும். டாக்டர் சொல்லும்வரை கழற்றக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க மட்டும் செய்யலாம்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சந்திரகிரி தாண்டியதும் திரும்பாமலே சொன்னாள்: "என் தங்கச்சிகிட்ட முப்பது வருசமா பேசலடி."

அவள் பாரம் குறைந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பாரம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமியார் குழந்தையைப் பார்த்தார், வார்களைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்க நைனா இன்னா சொன்னாரு? புள்ளைங்களுக்கு வராதுன்னு சொன்னாரா இல்லியா?"

"அவருக்கே தெரியாது அத்தை."

"முப்பது வருசமா தெரியாமலா வச்சிக்கினு இருந்தீங்க?"

அம்மா சம்பந்தி வீட்டில் குரல் உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை. "தெரிஞ்சிருந்தா என் பொண்ணை இப்படி நடக்க வுட்டிருப்பேனா, சம்பந்தியம்மா?" என்றாள்.

மாமியார் உள்ளே போய்விட்டார். என் கணவர் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் தன் அம்மாவின் பக்கம் பேசியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், என் பக்கம் பேசியிருந்தால் அழுதிருப்பேன். இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா பையை எடுத்துக்கொண்டாள். "கொழந்தைய தொடவே கை வர மாட்டேங்குது. நான் இங்க இருந்து இன்னா பண்ணப் போறேன்" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. மத்தியானம் நகரி வீட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றார்கள். பதறிப்போனேன். சாயங்காலம்தான் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "நான் உன் சித்தி" என்றது குரல். அம்மா புத்தூரில் இறங்கி நேராகத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். "வந்ததுலேருந்து ஒண்ணும் துன்னல. எங் கைய புடிச்சிக்கினு உக்காந்துகினு கீறா. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறா. அங்க ஏதாவது ஆச்சாம்மா?" என்று சித்தி கேட்டாள். நினைவு தெரிந்து அவள் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

அடுத்த பத்து நாட்கள் வீட்டில் நானும் குழந்தையும் மட்டும் இருந்த மாதிரி இருந்தது. மாமியார் சமைப்பார், என் தட்டை வைப்பார், குழந்தையிடம் வரமாட்டார். என்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. விரிந்த கால்களோடு குழந்தையைத் தூக்கினால் என் இடுப்பில் கத்தி செருகுவது மாதிரி வலிக்கும். கணவர் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, புடவையில் கட்டியிருந்த ஏணையை அவிழ்த்தார். அதில் போட்டால் குழந்தையின் கால்கள் ஒன்றோடொன்று நெருங்கும் என்று டாக்டர் சொன்னதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். அதன் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு அகலமான மரக் கட்டிலை வண்டியில் ஏற்றி வந்து எங்கள் அறையில் போட்டார். "இதுல நீ குனியாம துணி மாத்தலாம்" என்றார். கட்டிலின் நாலு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து என் இடுப்பு உயரத்துக்குச் சரிசெய்தார். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் பேசவில்லை. அந்த உயரம் சரியாக இருந்தது.

ஒரு நாள் குழந்தை விடாமல் அழுதாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், நிற்கவில்லை. மாமியார் வாசலில் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார். "நவுரு" என்றார். முழங்காலுக்குப் பின்னால் பட்டை படும் மடிப்பில், கக்கிய பால் வழிந்து தங்கித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. எனக்கு அந்த வாசம் தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தார். பட்டையைக் கழற்றாமலே, விரல் நுனியால் அதை லேசாகத் தூக்கி, துடைத்து, உலர்த்தி, மெல்லிய துணி ஒன்றை இடையில் வைத்தார். குழந்தை அழுகையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி பாக்கறே" என்றார். அன்றிலிருந்து துடைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். என்னிடம் பேசியது அதற்கும் பிறகுதான்.

பட்டை மாட்டிய மூன்றாவது வாரம், குழந்தையோடு நான், கணவர், மாமியார் மூவரும் ஸ்கேனுக்குப் போனோம். திரையைப் பார்த்த டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பந்து இன்னும் உள்ளே முழுதாக உட்காரவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டியிருக்கும் என்றார். வார்களின் அளவை மாற்றிக் கட்டினார்.

கணவர் டாக்டரிடம் கேட்டார். "அடுத்த குழந்தைக்கும் வருமா மேடம்?"

"மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனா நீங்க பார்த்துடுவீங்க. முதல் நாளே பார்க்கணும்னு உங்களுக்குத் தெரியும். இவங்க அம்மாவுக்கு அது தெரியாது."

மாமியார் வெளியே நடைபாதை நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது, "மாவுக்கட்டுன்னா எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டார். மாதக்கணக்கில் இருக்கலாம் என்றேன். குழந்தையின் பாதத்தைத் துணிக் காலணியோடு சேர்த்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு வார இடைவெளியில்தான் காணிப்பாக்கம் கோவிலில் பெயர் வைப்பது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். தள்ளிப்போட நான் நினைத்தேன், மாமியார் வேண்டாம் என்றார். கணவரின் உறவுக்காரர்கள் இருபது பேர் வந்தார்கள். கோவில் வெளி மண்டபத்தில் போட்டோ எடுக்கும்போது, அவருடைய பெரியம்மா முறையில் ஒருவர் சொன்னார்: "ஒரு அஞ்சு நிமிசம் அந்த வாரையெல்லாம் கழட்டிட்டுப் பட்டுப் பாவாடை போடக் கூடாதா? ஊனம் மாதிரி தெரியுது."

அந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டவள். என் மகளை வைத்து அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமியார் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஊனம் வரக் கூடாதுன்னுதான் போட்டுக்கினு கீது. கழட்டக் கூடாது" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, என் பக்கம் கையைக் காட்டி, "எம் மருமவளுக்கு அப்ப யாரும் போடல. அதான் அப்படி நடக்குது. போலியோ கிடையாது" என்றார்.

இருபது பேர் முன்னால் என் கால் பற்றிய உண்மை முதன்முதலாகச் சொல்லப்பட்டது. சொன்னவர் அவர். என் அம்மா அங்கே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். பட்டைக்கு மேலேயே பாவாடையைச் சுற்றி, தவளைக் காலோடு என் மகள் போட்டோவில் இருக்கிறாள்.

அடுத்த ஸ்கேனுக்கு முந்தின நாள் மாமியார் தானே போன் எடுத்துப் புத்தூருக்குப் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் திருப்பதி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் சித்தியும் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "வாங்க", "நல்லா கீறீங்களா" என்றதோடு சரி.

இந்த முறை ஸ்கேன் அறைக்குள் அம்மாவை வரச் சொன்னேன். டாக்டர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். கருவியைச் சற்றுத் திருப்பினார். பிறகு விரலால் ஒரு வட்டத்தைக் காட்டினார். "உட்கார்ந்துடுச்சு" என்றார். பந்து குழிக்குள் இருந்தது. கிண்ணம் ஆழமாக இன்னும் நாளாகும், பட்டை இன்னும் சில வாரம் இருக்க வேண்டும், ஆனால் மாவுக்கட்டு வேண்டாம். அம்மா திரையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள். "தொட்டுப் பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். அம்மா திரையைத் தொடவில்லை. குழந்தையின் இடது தொடையில் கை வைத்தாள்.

குழந்தைக்கு நாலரை மாதம் முடிந்தபோது பட்டையை முழுவதுமாக எடுத்தார்கள். கட்டிலில் விட்டதும் என் மகள் பழைய பழக்கத்தில் கால்களை விரித்தே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் அவற்றை நீட்டத் தைரியம் வந்தது அவளுக்கு. ஆறாவது மாத எக்ஸ்ரேயில் எலும்புத் தலை சின்னப் புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது, இருக்க வேண்டிய இடத்தில். பதினாலு மாதத்தில் நடந்தாள். அவள் முதல் நாலு அடி வைத்தபோது வீட்டில் யாரும் கை தட்டவில்லை. நானும் அம்மாவும் மாமியாரும் அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாயவில்லை.

இப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசி எக்ஸ்ரேயில் இடது கிண்ணம் வலதைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவாக இருப்பதாக டாக்டர் சொன்னார். வளர்ச்சி நிற்கும்வரை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். பின்னால் ஒரு அறுவை தேவைப்படலாம், படாமலும் போகலாம். அலுவலகத்துக்குக் கைக்குழந்தையோடு வருகிற பெண்களிடம், டாக்டர் இடுப்பைப் பார்த்தாரா என்று கேட்டுவிடுவேன். சிலர் என் காலைப் பார்த்துவிட்டுக் குழந்தையை மூடிக்கொள்வார்கள். சிலர் சரி, காட்டுகிறேன் என்பார்கள். என் அனுமானத்தை நான் சொல்வதில்லை. டாக்டரிடம் கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சொட்டு மருந்து போட்டீர்களா என்றும் கேட்பேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. என் கால் அதன் கணக்கில் தவறாகச் சேர்ந்துவிட்டது, அது மருந்தின் குற்றமில்லை.

அம்மா இப்போது மாதத்தில் பாதி நாள் புத்தூரில் இருக்கிறாள். என் கால் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "அந்த டாக்டரம்மா செஞ்சு காட்டினாங்களே, அது நகரியில அப்ப யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். தெரியாது அம்மா என்றேன். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

என் வலி கூடிக்கொண்டே போகிறது. செயற்கை மூட்டு வைக்கலாம், காலின் நீளத்தையும் ஓரளவு சரிசெய்யலாம் என்கிறார்கள். கணவர் விடுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறார். மருத்துவமனையில் யார் கூட இருப்பது என்று மாமியாரும் அம்மாவும் இப்போதே போனில் முறைத்துக்கொள்கிறார்கள். நான்தான் இன்னும் தேதி கேட்கவில்லை. கத்திக்குப் பயமில்லை. கால்கள் இரண்டும் சமமாகத் தரையைத் தொட்டால் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூட நான் அப்படி நடந்ததில்லை.